மோகினியைப் படம் பிடித்த ஜம்புலிங்கம்

மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரும் நாளில் போர்ட் பிளேர் முழுக்க ஜெட்டியில்தான் நிற்கும். கடிதத்துக்காகச் சிலர், வெங்காயத்துக்காகச் சிலர், மாமியார் வந்து இறங்கிவிடவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளச் சிலர். அந்தக் கூட்டத்தில் கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு நின்றவர் ஜம்புலிங்கம் ஒருவர்தான். கேமராக்காரர் வந்திருக்கிறாரே என்று படிக்கட்டில் இறங்குகிறவர்கள் தலைமுடியைக் கோதிக்கொள்வார்கள். அவரோ அவர்கள் பக்கம் திரும்பவே மாட்டார். அவ்வளவு பெரிய கப்பலை நெட்டித் தள்ளிக் கரையோடு சேர்த்துவிட்டு, புகை கக்கிக்கொண்டு திரும்பிப் போகிறதே டக் என்கிற குட்டை இழுவைப் படகு, அதைத்தான் எடுப்பார்.

ஜம்புலிங்கத்துக்கு ஊர் மன்னார்குடி. ஐம்பதுகளின் கடைசியில் அரசாங்க குமாஸ்தாவாக அந்தமானுக்கு வந்தவர். டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ். மனைவி நீலாவதி. “கடலைப் பார்த்த மாதிரி வீடு” என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். கூரையில் ஏறி நின்றால் கடல் தெரிந்தது. ஆகவே யாரும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது.

வந்த புதிதில், ஒரு நாள் பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெர்ரியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அது நேர்ந்தது. ஒரு சிறிய டக், தன்னைப் போலப் பத்து மடங்கு நீளமுள்ள பார்ஜைக் கட்டி இழுத்துக்கொண்டு சாத்தம் மர ஆலைப் பக்கம் போனது. பார்ஜுக்கு எஞ்சினும் கிடையாது, சொந்தப் புத்தியும் கிடையாது, மிதக்கிற தட்டு. அதன் மேல் மலை மலையாய்ப் படாக் மரங்கள். நடுவில் விறைத்து நின்ற வடம். ஜம்புலிங்கம் வாயைத் திறந்தபடி பார்த்தார். ஃபெர்ரி பாம்பூஃப்ளாட்டில் நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றி, திரும்பிச் சாத்தம் வந்து சேர்ந்தபோதும் அவர் அதே பலகையில் அதே வாயோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த கப்பலில் வந்த ஒருவரிடம் பழைய பெட்டிக் கேமரா ஒன்றை வாங்கினார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்.

அலுவலகத்தில் தானும் பாரம் இழுக்கிறவர், அதனால்தான் அந்த ஈடுபாடு என்று யாராவது தத்துவம் சொன்னால் நம்ப வேண்டாம். ஜம்புலிங்கம் அலுவலகத்தில் கோப்புகளை இழுத்ததுண்டு. அது வேறு இழுப்பு.

அபர்தீன் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த அந்தோணிமுத்துதான் சுருளைக் கழுவிக் கொடுப்பார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கல்யாணம், ஞானஸ்நானம், சவம் எல்லாவற்றையும் ஒரே சிரத்தையோடு எடுக்கிறவர்.

“அண்ணாச்சி, இதுல ஆளே இல்லியே?” என்றார் முதல் தடவை.

“ஆள் எதுக்கு?”

“பன்னெண்டுலயும் இரும்புச் சட்டியும் கட்டையுமா கெடக்கு. கழுவுற எனக்கே தலை சுத்துது.”

“நாலாவதைப் பாருங்க. வடம் எப்படி விறைச்சு நிக்குது!”

“வடம் வெறைச்சா உமக்கு என்னவே வந்துது? வீட்ல அக்காவ ஒரு படம் எடும்.”

எடுக்கலாம்தான். ஆனால் நீலாவதி எங்கும் போய்விடப் போவதில்லை, டக் போய்விடும். இந்த நியாயத்தை ஜம்புலிங்கம் மனைவியிடமே சொன்னார். அன்று சாம்பாரில் உப்பு இல்லை.

சீனச் சண்டைக்குப் பிறகு துறைமுகத்தில் கெடுபிடி அதிகமானது. ஒரு கான்ஸ்டபிள் அவரைக் கையும் கேமராவுமாகப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். அதுவரை எடுத்த படங்களையெல்லாம் வீட்டிலிருந்து வரவழைத்து, இன்ஸ்பெக்டர் மேஜையில் பரப்பிப் பொறுமையாகப் பார்த்தார். பார்ஜ், டக், பார்ஜ், கொஞ்சம் புகை, மறுபடி பார்ஜ். கடைசியில் நிமிர்ந்து, “கர் ஜாவ் பாபு, வீட்டுக்குப் போ. இதுக்குக் காசு கொடுக்கிற எதிரி நாடு இன்னும் பொறக்கல” என்று அனுப்பிவிட்டார். உளவாளி என்று சந்தேகப்பட்டதுகூட ஜம்புலிங்கத்துக்கு வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

எல்லா டக்குகளிலும் அவர் மனசைப் பறிகொடுத்தது ஒன்றிடம். மரக் காண்ட்ராக்டர் ஒருவருக்குச் சொந்தமானது. துரு பிடித்து, புகைக்குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எஞ்சின் இருமுகிற சத்தம் ஃபெர்ரி வரை கேட்கும். அதற்கு மோகினி என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் புதிதாக இருந்தபோது பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்க்காமலே வைத்திருக்க வேண்டும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இந்திராணிக்கு டக் தெரியாது, பார்ஜ் தெரியாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜம்புலிங்கம் வாசலில் யாரிடமோ, “இன்னிக்கி மோகினி நாலு மணிக்கு வர்றா. விடக் கூடாது” என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அடுத்த நிமிஷம் நீலாவதியின் அடுக்களையில் இருந்தாள்.

“அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சாத்தம் பக்கம் ஒருத்தி இருக்காளாம்.”

நீலாவதி அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டாள். கணவரைக் கண்ணில் படாத தூரத்தில் தொடர்ந்து போய், அவர் ஏறிய ஃபெர்ரியிலேயே பெண்கள் பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்தாள். ஃபெர்ரி துறைமுகத்தின் நடுவில் வந்தபோது ஜம்புலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி மலர்ச்சியைக் கல்யாண மேடையில்கூட அவள் பார்த்ததில்லை. அவர் பார்த்த திசையில் பார்த்தாள். துருப்பிடித்த ஒரு டக், மரங்களை இழுத்துக்கொண்டு இருமியபடி வந்தது. முன்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. ஹிந்தியை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

முக்காட்டை எடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“நீ எங்க இங்க?” என்றார் ஜம்புலிங்கம்.

“இதுதானா அது?”

“அழகா இருக்குல்ல?” என்றார் அவர், வெள்ளந்தியாக.

நீலாவதிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பொம்பளையாக இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம். இதை என்ன செய்வது?

அறுபத்தேழாம் வருஷம் ஜம்புலிங்கத்தின் கலைக்கு அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது. புது ஜெட்டி ஒன்றைத் திறக்க தில்லியிலிருந்து துணை மந்திரி வந்தார். படம் எடுக்க வேண்டிய அந்தோணிமுத்து மலேரியாவில் மூன்று கம்பளிக்கு அடியில் கிடந்தார். அலுவலக சூப்பிரண்டெண்ட் இராமகிருஷ்ணன், தம்மிடம் கேமராக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று மேலிடத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டார். ஜம்புலிங்கம் என்ன எடுக்கிறவர் என்று மேலிடமும் கேட்கவில்லை, இராமகிருஷ்ணனும் சொல்லவில்லை.

விழா நாளன்று ஜம்புலிங்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு மந்திரிக்கு நேர் எதிரே நின்றார். உண்மையிலேயே கடமையைச் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தார். வரவேற்புரை முடிந்தது. மாலை வந்தது. மந்திரி கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். அப்போது பின்னால் அந்த இருமல் கேட்டது.

திரும்பினார். மோகினி வந்துகொண்டிருந்தாள், ஒரு பார்ஜோடு அல்ல, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு பார்ஜோடு. அலை தூக்கியடித்தது. முதல் பார்ஜ் ஒரு பக்கம் சாய, இரண்டாவது மறுபக்கம் சாய, மோகினி மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு இரண்டையும் தரதரவென்று இழுத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அப்படியொரு காட்சியைப் பார்த்ததில்லை. கையே கேமராவைத் திருப்பியது. இங்கே கைதட்டல் கேட்டது. அங்கே அவர் சுருளைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, மலேரியாவிலிருந்து எழுந்த அந்தோணிமுத்து படங்களைக் கழுவி உலர்த்திக் கொடுத்தார். கொடுக்கும்போது சிலுவை போட்டுக்கொண்டார். இராமகிருஷ்ணன் பன்னிரண்டையும் இரண்டு தடவை புரட்டினார்.

“மந்திரி எங்கய்யா?”

“பதினோராவதுல இருக்கார் சார். ஓரத்துல.”

இராமகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “இது காது.”

“அவரோட காதுதான் சார்.”

“இந்தக் காதை வச்சுக்கிட்டு நான் தில்லிக்கு என்னய்யா அனுப்புறது?”

ஜம்புலிங்கம் சற்று யோசித்தார். “அந்தோணிமுத்துகிட்டச் சொன்னா பெரிசாக்கிக் கொடுப்பார் சார்.”

யோசிக்காமலே இருந்திருக்கலாம். மாலைக்குள் மாற்றல் உத்தரவு தயாரானது: மாயாபந்தருக்கு. வடக்கே, காட்டுக்கு நடுவில், மெயின்லேண்ட் கடிதம் எப்போதாவது வழி தவறி வந்து சேரும் இடம். தண்டனை என்றால் அதுதான் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் திருப்தி. வடக்குக் காட்டு மரம் அத்தனையும் அந்தப் பக்கத்தில்தான் பார்ஜில் ஏறுகிறது என்பது இராமகிருஷ்ணனுக்குத் தெரியாது. ஜம்புலிங்கம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாட்டை நீலாவதி மட்டும் கவனித்தாள்.

“உங்களுக்கு உள்ளுக்குள்ள கொண்டாட்டந்தானே?”

“சேச்சே. அரசாங்க உத்தரவு. என்ன பண்றது?”

வடக்கே போகிற ஸ்டீமர் பழுது. காத்திருந்து போகலாம் என்றால், கையோடு கிளம்பும்படி இராமகிருஷ்ணன் உத்தரவு போட்டார். பார்ஜில் மரம் ஏற்ற மாயாபந்தருக்குப் போகும் மோகினியிலேயே இடமும் பிடித்துக் கொடுத்தார். கேட்டதும் ஜம்புலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானத்தால் என்று அலுவலகம் நினைத்துக்கொண்டது.

விடிந்ததும் கிளம்பினார்கள். டக்கை ஓட்டும் சாரங்கு மொய்து, பாம்பூஃப்ளாட்டில் குடியேறிய மலையாள மாப்பிள்ளை முஸ்லிம், பெட்டியையும் நீலாவதியின் அம்மியையும் ஏற்றி வைத்தார். துறைமுகம் தாண்டும்வரை ஜம்புலிங்கம் ராஜாவைப் போல நின்றார். தாண்டியதும்தான் விஷயம் புரிந்தது: டக்குக்குள் இருக்கிறவனுக்கு டக் தெரியாது. டீசல் நாற்றமும் காலுக்கடியில் அதிர்வும்தான் தெரியும். வெற்றுப் பார்ஜ் பின்னாலிருந்து வெடுக்கு வெடுக்கென்று இழுக்க, மோகினி முன்னும் பின்னும் குலுங்கினாள். இத்தனை காலம் தூர நின்று அவர் ரசித்த நடை அதுதான். சற்று நேரத்தில் வடச் சுருளின் மேல் சரிந்தார். காலையில் தின்ற இட்லி அவரை முந்திக்கொண்டது.

“பாபு, சோ ஜாவ். கண்ண மூடிக் கெட” என்றார் மொய்து.

“கரை… எப்ப வரும்?”

“கரையா? இப்பத்தானே புறப்பட்டது!”

நீலாவதிக்கு ஒன்றும் ஆகவில்லை. மொய்து கொடுத்த, பால் இல்லாத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பச்சைத் தீவுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வந்து இத்தனை வருஷத்தில் டெய்ரி ஃபார்மும் பஜாரும் தவிர எதுவும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். வாய் பிளந்து, வேட்டி நனைந்து கிடந்தார். அவருக்குப் பின்னால் பார்ஜ் அலையில் ஏறி, இதோ அவர் மேலேயே வந்து உட்காரப்போகிறேன் என்பதுபோல நிமிர்ந்து நின்றது. அவள் அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினாள். தடுக்க அவருக்குத் தெம்பில்லை.

“எதை அமுக்கணும்?”

ஒரு விரல் மட்டும் உயர்ந்து காட்டிவிட்டு விழுந்தது. அவள் அமுக்கினாள்.

சுருள் போர்ட் பிளேருக்குப் போய்க் கழுவி வந்தபோது, உறையின் மேல் அந்தோணிமுத்து பென்சிலில் எழுதியிருந்தார்: “அண்ணாச்சி, இப்பத்தான் படம் எடுக்கப் படிச்சிருக்கீரு.” பாராட்டு விழுந்தது நீலாவதி எடுத்த படத்துக்கு. அவள் அந்தப் படத்தை மன்னார்குடிக்குத் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: மாப்பிள்ளை ரொம்ப இளைத்திருக்கிறார், பின்னால் தெரிகிற மச்சு வீடு உங்களுடையதா?

“ஆமாம்னு எழுதிடுங்க” என்றாள் நீலாவதி.

அதற்குப் பிறகு கேமரா இருவருக்கும் பொதுவானது. அவர் ஜெட்டிக்குப் போய் டக்கையும் பார்ஜையும் எடுத்தார். அவள் கோழி, அடைக்கோழி, மூக்கு நிமிர்ந்த காட்டிலாகா ரேஞ்சர், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய எதிர்வீட்டுக்காரி, அவளுடைய ஆறு பிள்ளைகள் என்று கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் எடுத்தாள். சுருளில் பாதிப் பாதி என்று ஒப்பந்தம். இருவருமே அதை மதிக்கவில்லை. மழைக்காலத்தில் பூஞ்சணம் வந்து இரண்டு பேருடைய படங்களையும் பாரபட்சமில்லாமல் தின்றது.

தண்டனைக் காலம் முடிந்து போர்ட் பிளேருக்கே திரும்பும்படி உத்தரவு வந்தபோது, இங்கேயே இருக்கிறேன் என்று ஜம்புலிங்கம் விண்ணப்பித்தார். தண்டனையை ஒருவர் விரும்பிக் கேட்பதற்கு விதிகளில் இடமில்லை என்று அதை நிராகரித்தார்கள். ஆனால் திரும்பக் கப்பல் கிடைப்பதற்குள் போர்ட் பிளேரில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை எழுப்பவும் விதிகளில் இடமில்லை. ஆக, ஜம்புலிங்கம் மாயாபந்தரிலேயே ஊன்றிவிட்டார்.

எழுபத்து நாலோ ஐந்தோ, ஒரு சாயங்காலம் அவர் ஜெட்டியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். கல்கத்தாவிலிருந்து புத்தம் புதிய டக் ஒன்று வந்து நிற்கிறது. சிவப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும்.

“நீலா! கேமரால படம் மிச்சம் இருக்கா?”

“ஒண்ணு இருந்துச்சுங்க.”

“இருந்துச்சுன்னா?”

“இந்தப் பூசணிக்காயை எடுத்துட்டேன். எவ்வளவு பெரிசு பாருங்க! நம்ம கொல்லையில காய்ச்சது.”

ஜம்புலிங்கம் பூசணிக்காயைப் பார்த்தார். பெரிசுதான். வெறுங்கையோடு ஜெட்டிக்குத் திரும்பி, அந்த டக் தீவைச் சுற்றி மறைகிறவரை நின்று பார்த்தார். கண்ணைச் சுருக்கி நாலு பக்கமும் சட்டம் கட்ட வேண்டியதில்லை, சுருளைத் திருக வேண்டியதில்லை, முழுக்கத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தபோது பூசணிக்காய்க் கூட்டு தயாராக இருந்தது. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.