ஆடியில் குடிவந்தவர்கள்

எனாமல் பெயிண்டின் நெடி மூக்கில் ஏறினால் எனக்கு அந்த ஆடி மாதம்தான் நினைவுக்கு வரும். குமாரபாளையத்தில் எங்கள் தெருவின் இருபுறமும் தறிகள் இரைந்துகொண்டிருக்க, நூல் கோன் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, சிவப்புப் பெயிண்டில் "வீடு வாடகைக்கு" என்று அம்மா எழுதியது ஆடி முதல் தேதி. நான் அப்போது ஆறாம் வகுப்பு. நடப்பதையெல்லாம் கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் குறித்துவைக்கும் பழக்கம் அந்த ஆண்டுதான் தொற்றியது என்பதால் நாள் தவறாமல் சொல்ல முடிகிறது.

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆனிக்குள் பால் காய்ச்சிக் குடிபோவார்கள், தவறினால் ஆவணிவரை பொறுப்பார்கள். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு மாதம்தான். போர்வெல் ரிக் வண்டி ஓட்டிய அப்பா வடக்கே போனால் திரும்ப எட்டு மாதம் ஆகும். அவர் இல்லாத ஆனிக் கடைசியில் அவருடைய அண்ணன், என் பெரியப்பா, எங்கள் "முன்கட்டை", அதாவது தெருப்பக்கத்து இரண்டு அறையையும் சமையலறையையும், காலடியால் அளந்து பார்த்துவிட்டு, "சும்மாதான கெடக்குது அம்மிணி, ஆவணி ஒண்ணாந்தேதி நம்ம நூல் மூட்டைய எறக்கிக்கலாம்" என்று சொல்லிப் போனார். இரண்டு மாதத்துக்கு என்று அவர் கேட்டு வாங்கிய கிணற்றடிக் கொட்டகை ஆறு வருடமாக அவரிடமே இருந்தது. முன்கட்டும் அப்படித்தான் போகும். அண்ணனிடம் முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. ஆள் குடியிருக்கும் அறையில் மூட்டை இறக்க முடியாதே என்று அம்மா யோசித்தாள்.

தெரு சிரித்தது. "ஆடியில போர்டு மாட்டுனா காத்துதானுங்க குடி வரும்" என்றார் எதிர்வீட்டுத் தறிக்காரர்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், காவிரியில் குளித்த கூட்டமெல்லாம் வடிந்தபின், சேலத்திலிருந்து ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அந்த அம்மாள், பிறகு எனக்கு மும்தாஜ் அக்கா, நைட்டி தைப்பவர். கணவர் அதைச் சந்தைகளில் விற்பவர். ஆடி, ஆவணி என்று அவர்களுக்குப் பேதம் இல்லை.

"நாலு வீட்ல கேட்டோம்மா. பேரைச் சொன்னதும், சொந்தக்காரங்க வர்றாங்கன்னுட்டாங்க."

"எங்க ஊட்டுக்கும் சொந்தக்காரரு வாராருங்க" என்றாள் அம்மா. "அதுக்குத்தான் வெரசா வந்துருங்கங்கறேன்."

அந்த வியாழக்கிழமையே ஒரு தையல் மிஷினோடும் நாலு மூட்டைத் துணியோடும் வந்துவிட்டார்கள். பால் காய்ச்சும் வழக்கம் அவர்களுக்கு உண்டா என்று கேட்காமலே அம்மா ஒரு சொம்புப் பாலைக் கொண்டுபோய் வைக்க, அவர்களும் மறுக்காமல் காய்ச்சி எங்களுக்கும் கொடுத்தார்கள். மதியம் பெரியப்பா வந்தார். ஆடியில் அடுப்பு மூட்டியது, "வேற ஆளுங்களை" விட்டது, தம்பி ஊரில் இல்லாதது என்று தெருவே கேட்கப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"ஆரைக் கேட்டு உட்ட?"

"என்னையக் கேட்டுத்தானுங்க மாமா. பத்திரம் என்ற பேர்ல இருக்குதுங்க."

அம்மாவுக்கு அவள் அப்பா எழுதிவைத்த வீடு அது. ஊருக்கே தெரிந்த அந்தச் செய்தியை அதுவரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

பெரியப்பா பிறகு எங்கள் படி ஏறவில்லை; நான் வயசுக்கு வந்தபோது செய்த சீருக்கும் வரவில்லை. மார்கழியில் திரும்பிய அப்பா, வாசல் கொடியில் வரிசையாக நைட்டி காய்வதைக் கண்டு, வீடு தவறிவிட்டதாக நினைத்து அடுத்த வீட்டுவரை நடந்தார். விஷயம் தெரிந்ததும் டீ கேட்டார். அம்மா உறவை முறித்தாள் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. முறித்தவர் அவளில்லை என்பதை நான் எழுத்திலேயே பதிந்துவைக்கிறேன்.

மும்தாஜ் அக்கா பதினோரு வருடம் இருந்துவிட்டுச் சொந்த வீட்டுக்குப் போனார். அம்மா இப்போது உயிரோடு இல்லை; வீட்டுக்காரி நான். தெருவில் பாதித் தறிகள் நின்றுவிட்டன. வீடு கேட்பவரும் கொடுப்பவரும் வாசலில் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் நின்றுவிட்டது. எல்லாம் புரோக்கர் போனில் வடிகட்டப்படுகிறது. போன வாரம் எங்கள் புரோக்கர், மூன்று குடும்பங்கள் கேட்பதாகவும் அதில் ஒன்று "நம்மாளுங்க" என்றும் சொன்னார். முதலில் கேட்டது யார் என்றேன். தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, "அக்கம்பக்கத்துல பேசுவாங்க மேடம்" என்றார்.

பேசட்டும். அந்தக் குடும்பத்தின் எண்ணை அவரிடமே வாங்கி நானே கூப்பிட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு பார்க்க வருகிறார்கள்.