பூண்டு வாங்காத தெருவில் ஒரு காட்டேரி

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியமங்கலத்தில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ரத்தம் ஊறுவதற்கான டானிக். அதனாலோ என்னவோ, சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்ன ரத்தக் காட்டேரிக் கதை அங்கே நன்றாக எடுபட்டது.

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. படிப்பும் பள்ளியோடு சரி. ஆனால் புத்தூரில் எங்கள் வீட்டருகே இருந்த வாடகை நூலகத்தில் பேய்க்கதை ஒன்றையும் விட்டதில்லை. அட்டை போன ஒரு சீமைக் கதையின் தமிழாக்கத்தைச் சாப்பிடும்போதும் படிப்பேன். பக்கத்து மேசை அக்கா, "அப்படி என்னதாண்டி இருக்கு அதுல?" என்று கேட்டாள். குனிந்தபடியே சொல்லத் தொடங்கினேன்.

புத்தகத்தில் காட்டேரி ஒரு பிரபு. என் வாயில் அது சீமாட்டி ஆகிவிட்டது. தெரிந்துதான் மாற்றினேன். காரணம், எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்ட ஸ்ரீரங்கத்துப் பெண். கணக்கு எழுத வந்தவள், என் வயதுதான். அவள் நிமிர்ந்து பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. இதை அவளிடம் நேராகச் சொன்னால் மறுநாள் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம். அதனால் காட்டேரியை அனுப்பிவைத்தேன்.

காட்டேரிக்குப் பூண்டும் சிலுவையும் ஆகாது. என்னிடம் இரண்டுமே இருந்தன, டிபனில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ஆகவே சீமாட்டி புத்தூரில் மூக்கைப் பொத்திக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் பூண்டே வாங்காத தெருவாகப் பார்த்து இறங்கினாள். எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"எங்காத்துல வெங்காயமும் கிடையாது" என்றாள் அவள், மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளியபடி.

வீட்டுக்காரர் கூப்பிடாமல் காட்டேரி வாசற்படி தாண்ட முடியாது என்று சொன்னபோது சண்டையே வந்துவிட்டது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரையே உள்ளே கூப்பிட்டு மோர் கொடுக்கிறோம், திருச்சியில் இந்தச் சட்டம் செல்லாது என்றாள் அக்கா. மற்றவர்களும் அவள் கட்சி. வேறு வழியில்லாமல், மரியாதைக்குக் கூப்பிட்டால் போதாது, மனசாரக் கூப்பிட வேண்டும் என்று திருத்தினேன்.

அதோடு கதை வாசலில் நின்றுவிட்டது. உள்ளே, டாக்டர் மாப்பிள்ளைக்கு நிச்சயமான பெண். வெளியே, நாளுக்கு நாள் அழகு கூடிய சீமாட்டி. உள்ளே இருந்தவளுக்கு எப்போது கண்ணாடி போட்டுவிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "மாப்பிள்ளைய வரச்சொல்லி அந்தச் சீமாட்டி நெஞ்சுல கட்டைய அடிச்சு முடிடி. கேக்கிற எனக்கே கால் வலிக்குது, நிக்கிற அவளுக்கு வலிக்காதா?"

புத்தகத்தில் முடிவு அப்படித்தான். நான் பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தேன். ஸ்ரீரங்கத்துப் பெண் டிபன் பாக்ஸை மூடினாள்.

"மாப்பிள்ளை வரல. பாலத்துல லாரி மறிச்சுண்டு நிக்கறது" என்றாள். "அந்தப் பொண்ணு கதவைத் திறந்து, எத்தனை நாள் நிப்பேள், உள்ள வாங்கோன்னா. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே இருந்துட்டா."

"கடிச்சாளா இல்லையா?"

"அது அவா ரெண்டு பேர் விஷயம்."

கல்யாணச் சாப்பாடு இல்லாத கதை ஒரு கதையா என்று அக்கா முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனாள். அன்று பிற்பகல் நான் ஒட்டிய லேபிள்களில் பாதி தலைகீழ். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. புத்தூர் பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். இது புத்தூர் போகிற பஸ் என்று மெல்லச் சொன்னேன். போர்டு படிக்கத் தெரியும் என்றாள்.

கண்டக்டர் வந்தார். நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோதே அவள் கையை நீட்டினாள்.

"புத்தூர் ரெண்டு."