சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அல்லேலூயா

எங்கள் வீட்டு வாசலில் யாருமே வந்து செருப்பைக் கழற்றாத வருஷம் அது. அம்மாவுக்கு டி.பி. என்று சொல்லி ஊருக்குத் தள்ளியிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவில் இருந்தார். பக்கத்திலேயே குவார்ட்டர்ஸில் மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நீளமான வராந்தா. அதில் வரிசையாக வீடுகள். எல்லா வீட்டுப் பெண்பிள்ளைகளும் சாயங்காலம் வராந்தாவில் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவார்கள்.

நான் போய் நின்றால் ஆட்டம் முடிந்துவிடும். யாரும் என்னைப் போ என்று சொன்னதில்லை. திடீரென்று ஒருத்தியை அவள் அம்மா கூப்பிடுவாள், இன்னொருத்திக்குக் கால் வலிக்கும், மற்றவளுக்குப் பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வரும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடுவதை நான் ஓர் ஆச்சரியமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சில்லு விழும் சத்தம் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அம்மாவைப் பார்க்கப் போவார். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் நான் வீட்டில் இருப்பேன். "கதவத் தாழ் போட்டுக்கோ. ஆரு தட்டுனாலும் தொறக்காத" என்று சொல்லிவிட்டுப் போவார். யாரும் தட்டியதில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் தனியாக இருந்தார். அதே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் குமாஸ்தா. மராட்டி பேசுவார், ஆனால் கணபதி வைக்க மாட்டார். தொப்பி போடுவார், ஆனால் முசல்மான் இல்லை. ஏசுவின் படமும் அவர் வீட்டில் கிடையாது. அவர் யூதர் என்று அப்பா சொன்னார். கொங்கணக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகச் செக்கு ஓட்டி எண்ணெய் விற்ற யூதர்களாம். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடமாட்டார்கள் என்பதால் ஊரில் அவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே பெயர் வந்துவிட்டதாம். ஜெப ஆலயத்தை அவர்கள் மஸ்ஜித் என்றுதான் சொல்வார்கள். இதையெல்லாம் என் வயதில் ஒழுங்குபடுத்திப் புரிந்துகொள்ள முடியவில்லை. அவரை நான் மராட்டிப் பிள்ளைகள் மாதிரி 'காகா', அதாவது சித்தப்பா, என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வடை வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிடுவது போல இருக்கும் எனக்கு.

காகாவின் மனைவி காகியும் இரண்டு பையன்களும் முந்தின வருஷமே கப்பலேறி இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இவருக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் பாக்கி இருந்தது. காகி போன பிறகு அந்த வீட்டில் தாளிக்கும் சத்தம் நின்றுபோனது. காலையில் பாவ் ரொட்டி, ராத்திரியும் பாவ் ரொட்டி.

அவரிடம் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் ஒன்று வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். கூடவே கொஞ்சம் இசைத்தட்டுகளும் வந்தன. அவற்றில் ஒன்றைத்தான் காகா திரும்பத் திரும்ப வைப்பார். ஓர் ஆண் கரகரத்த குரலில் ஒரு வரியைப் பாடுவான். உடனே ஒரு கூட்டமே சேர்ந்து பதில் சொல்லும். அவன் கெஞ்சுவான், கூட்டம் தேற்றும். கைதட்டல் ஒரு பெரிய வண்டி தண்டவாளத்தில் போவது போல விடாமல் கேட்கும்.

கொஞ்ச நாளில் தட்டு நின்றது. காகாவே பாட ஆரம்பித்தார். அதே மெட்டு, ஆனால் வேறு பாஷை. தொண்டையின் அடியிலிருந்து வரும் சொற்கள். ஒரு வரி பாடுவார். பிறகு நிறுத்திவிடுவார். கூட்டம் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. அடுத்த வரிக்குப் போவார். மறுபடியும் அந்த வெற்றிடம். பதில் வர வேண்டிய சொல்லை ஒருமுறை அவரே முணுமுணுத்துப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எனக்குத் தெரிந்த சொல். தாராவியில் பெரியப்பா வீட்டுக்குப் போகிற சந்தில் நம் ஊர்க்காரர்களின் சின்ன வேதக்கோவில் ஒன்று உண்டு, அங்கே ஞாயிற்றுக்கிழமை கேட்கிற அல்லேலூயா.

ஒரு சாயங்காலம் வராந்தாவில் வழக்கம்போல எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது. நான் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். காகா பாடினார், நிறுத்தினார். அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை. என் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே "அல்லேலூயா" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த வரி வந்தது, முன்னைவிட மெதுவாக. வரி முடிந்து நின்றது. காத்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் மறுபடியும் சொன்னேன். அன்றைக்கு அப்பா வரும்வரை அப்படியே போயிற்று. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் குழாயடியில் என்னைப் பார்த்ததும் காகா வாளியைக் கீழே வைத்தார். ஒர்க்‌ஷாப்பில் தமிழர்களோடு பழகி அவருக்கு ஒரு தமிழ் வந்திருந்தது.

"பாப்பா, நேத்து நீதானே பதில் சொல்லிச்சு?"

தலையாட்டினேன்.

"இன்னிக்கும் சொல்லு. இந்தப் பாட்டு ஒரு ஆளு பாட முடியாது. என் வூட்ல ஒரு ஆளுதான் இருக்குது."

அதற்குப் பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பாடினோம். அவர் தன் வீட்டு வாசலில் முக்காலியில், நான் எங்கள் வீட்டு வாசற்படியில். அது அவர்களுடைய வேதத்திலுள்ள பழைய துதிப்பாட்டு, சங்கீதம் என்பார்கள், பண்டிகையில் ஓதுவது. அந்தக் காலத்தில் ஒருவர் ஓத, ஜனங்கள் எல்லாரும் அல்லேலூயா என்று பதில் சொன்னார்களாம். இப்போது அவரவர் புஸ்தகத்தைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். பாதி ஜனம் கப்பலேறிவிட்டது. வழிபாடு தொடங்கப் பத்து ஆண்கள் சேர வேண்டும், சில நாள் பத்தாவது ஆளுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். மெட்டு யாருடையது என்று கேட்டேன்.

"அமெரிக்காவுல கறுப்பு ஜனம். அடிமையா இருந்தவங்க. அவங்க சர்ச்சுல பாடுது. ஆனா கேளு, பாட்டு பூரா எங்க மோசே, எங்க எகிப்து, எங்க யோர்தான் நதி. கதை அவங்க எங்ககிட்ட எடுத்துச்சு. மெட்டு நான் அவங்ககிட்ட எடுக்குது. பராபர்! சரிக்குச் சரி!"

நியாயமாகத்தான் பட்டது. அப்பா ஒருநாள் சீக்கிரம் வந்து, மாடிப்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எழுந்து நின்றேன். "பாடு, பாடு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

மழைக்காலம் முடிந்து அவர்களுடைய கூடாரப் பண்டிகை வந்தது. பண்டிகையின் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சங்கீதத்தைப் புது மெட்டில் பாட காகா அனுமதி வாங்கியிருந்தார். பதில் சொல்வதற்குச் சிலரைப் பழக்கியும் வைத்திருந்தாராம். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் ஆகையால், "பிள்ளைய நான் கூட்டிட்டுப் போவுது" என்று காகா கேட்டார். அப்பா யோசித்துவிட்டுச் சம்மதித்தார். எனக்குத் தலை பின்னிவிட்டு, "பெரியவுக இருக்கிற எடம். வாயத் தொறக்காம இரிக்கணும், என்ன" என்றார். எண்ணெய் அதிகம் வைத்து இறுக்கிப் பின்னியதில் புருவம் மேலே இழுத்துக்கொண்டது.

பைக்குலாவில் இறங்கி அவர்களுடைய மஸ்ஜித்துக்கு நடந்தோம். முற்றத்தில் தென்னங்கீற்றால் பந்தல் போட்டு, எலுமிச்சையும் மாதுளையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு அது நம் கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. பெண்களுக்கு மாடியில் இடம். ஒரு பெரியம்மா, தலையில் மல்லிகைச் சரமும் காஷ்டா என்று கச்சம் வைத்துக் கட்டிய புடவையுமாக, என்னைத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு என் தலையில் ஒரு கைக்குட்டையைப் போட்டாள். யார் வீட்டுப் பெண் என்று மராட்டியில் கேட்டாள். காகாவின் பக்கத்து வீடு என்றேன். அம்மா எங்கே என்றாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் நகர்ந்து உட்காரவில்லை. அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டே இருந்தது. யாராவது என்னைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

கீழே பெஞ்சுகளில் பாதி காலி. நடுவே மேடையில் வெள்ளைச் சால்வை போர்த்திய ஒரு முதியவர் வழிபாட்டை நடத்திக்கொண்டிருந்தார். அவர் கை காட்டியதும் காகா மேடைக்கு ஏறினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முதல் வரியைப் பாடினார்.

நல்ல குரல். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டதைவிட நல்ல குரல். வரி முடிந்தது. பதில் வர வேண்டிய இடம் வந்தது.

யாரும் வாய் திறக்கவில்லை. பழக்கி வைத்த ஆட்கள் புஸ்தகத்துக்குள் குனிந்துகொண்டார்கள். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. அந்த உயரமான கூரைக்குக் கீழே அந்த மௌனம், எங்கள் வராந்தாவில் சில்லு நின்றுபோகும்போது வருகிற அதே மௌனம். காகா எங்கேயும் பார்க்கவில்லை.

வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் திறந்துகொண்டது. "அல்லேலூயா" என்று என் குரல் கூரையில் போய் முட்டித் திரும்பி வந்தது.

கீழே எல்லாத் தலைகளும் அண்ணாந்தன. காகா அண்ணாந்து பார்க்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டார். மறுபடியும் நான் மட்டும் பதில் சொன்னேன். பக்கத்துப் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவளும் சேர்ந்துகொண்டாள், ஆண்குரல் போன்ற கனத்த குரலில். அடுத்த தடவை மாடி முழுக்கச் சொன்னது. பிறகு கீழே ஒருவர், இன்னொருவர். யாரோ பெஞ்சில் தாளம் போட்டார்கள். இசைத்தட்டில் கேட்ட அந்த வண்டி கடைசியில் கிளம்பிவிட்டது. அத்தனை பேர் நடுவில் நான் கத்திக்கொண்டிருந்தேன், யாருக்கும் வேலை வரவில்லை.

அப்போது மேடையிலிருந்த முதியவர் உள்ளங்கையை உயர்த்தினார். "பஸ்" என்றார். போதும் என்று அர்த்தம்.

தாளம் ஒவ்வொரு கையாக நின்றது. காகா ஏதோ சொல்ல வந்தார். முதியவர் அவரைப் பார்த்து மராட்டியில் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சர்ச்சின் மெட்டு. அங்கே இருப்பவர்கள் கேள்விப்பட்டால் நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள்? அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. அந்த 'அங்கே' எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. காகா தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். மீதிச் சங்கீதத்தைப் பழையபடியே ஓதி முடித்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் வாய் திறந்ததால்தான் பாட்டு நின்றதா என்று கேட்டேன்.

"நீ சுருதி மேல பிடிச்சிடுச்சு" என்றார் காகா. "எனக்கு மூச்சு வாங்கிடுச்சு." பிறகு தாதர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. சில சாயங்காலங்களில் நான் சுவரோரம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்தவரை அவருடைய வரியை நானே பாடி நிறுத்திப் பார்ப்பேன். அந்தப் பக்கம் தண்ணீர் மொள்ளும் சத்தமோ, பத்திரிகை புரட்டும் சத்தமோ கேட்கும். அடுத்த வெயில்காலத்தில் அவரும் கப்பலேறினார். அப்பா துறைமுகம்வரை போய் வந்தார். அம்மா குணமாகி வீட்டுக்கு வந்தபோது பக்கத்தில் ஒரு கோலாப்பூர்க் குடும்பம் குடியிருந்தது.

துறைமுகத்தில் காகா சொன்ன ஒரு விஷயத்தை அப்பா என்னிடம் சொன்னது, என் கல்யாணத்துக்குப் பிறகு, செம்பூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு பகலில்தான். மேடையில் கை உயர்த்திய அந்த முதியவரின் மகளும் இஸ்ரேலுக்குப் போனவள்தானாம். அங்கே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாம்.

"நீங்க நெசமாவே யூதருதானா, ஒங்க பாட்டன் பூட்டன் ஆருன்னு நிரூபிங்கன்னு சொல்லி, கல்யாணத்த நிறுத்திப்புட்டாவளாம்ளா. அந்தப் பண்டிகை வாரந்தான் சேதி வந்திருக்கு. பாவம், அந்த மனுசன் என்ன செய்வாரு?"

இரண்டாயிரம் வருஷம் செக்கை நிறுத்திச் சனிக்கிழமையைக் காப்பாற்றியவர்கள் என்று சொல்வார்கள். அவர்களிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களின் காதில் ஒரு சர்ச்சு மெட்டு விழுந்துவிடக் கூடாது என்று ஒரு தகப்பன் பயந்திருக்கிறார்.

அன்றைக்கு மாடியிலிருந்து நான் பார்த்த ஒன்றை அப்பாவிடம் மறுபடியும் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்லவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு அந்த முதியவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். வெள்ளைச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றார். சால்வை மட்டும் லேசாகக் குலுங்கியது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அவர் தோளிலிருந்த துண்டை உருவி என் முகத்தில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று, தோளைக் குலுக்கிக் காட்டி, "அவுக இப்பிடித்தாம்ப்பா சாமி கும்பிடுதாவ" என்று சொன்னேன்.