முதுகில் கிடந்த மாலை

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு ரங்கூனில் அரிசி ஆலை, பினாங்கில் மூட்டை தூக்குவது என்று சுற்றிவிட்டு, வெறுங்கையோடு காரைக்குடிக்குத் திரும்பியிருந்தேன். கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டில் மோட்டார் துடைக்கிற வேலை கிடைத்தது. சோறு உண்டு, படுக்க இடம் உண்டு. அடுத்த தடவை ரங்கூனுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவதாகச் செட்டியார் சொல்லியிருந்தார். ஒரே ஊரில் கிடந்தால் எனக்குக் கால் அரிக்கும். அந்தப் பயணத்தை நம்பித்தான் இருந்தேன்.

அதற்குள் அவருக்கு வலது விலாவில் வலி வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாட்டு வைத்தியர் வாயு என்றார். ஊர் டாக்டர் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்று முதுகில் ஊசி குத்தி எடுத்தார். செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி வந்தது. அதைப் பார்த்ததும் டாக்டரின் பேச்சு குறைந்துவிட்டது. மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள், படம் பார்க்காமல் கப்பல் ஏற வேண்டாம் என்றார்.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். அங்கே படம் எடுக்கிறவர் கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார். செட்டியார் கழுத்தில் பொன்னில் கோத்த உருத்திராக்க மாலை.

“இது அறுபதாங் கல்யாணத்துல ஏறுனது. கட்டையில வைக்கையில எடுத்துக்கிறட்டும்” என்றார் செட்டியார்.

படம் எடுக்கிறவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். செட்டியார் அசையவில்லை. கடைசியில் மாலையைத் திருப்பி முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டார். நெஞ்சைத்தானே படம் பிடிக்கிறார்கள், முதுகில் கிடப்பது எப்படித் தெரியும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

படத்தில் மாலை தெரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். மதுரை டாக்டர் படத்தை ஜன்னலில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருப்பது காற்று, அதுதான் நல்லது என்றார். நானோ அதுவரை கறுப்பைத்தான் நோய் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். வலது ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை மேடும் பள்ளமுமாக இறங்கியிருந்தது.

“நுரையீரலைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. உங்க வீட்டுச் சுவத்துப் பூச்சு மாதிரி வழவழன்னு இருக்கணும். இது தடிச்சிருக்கற மாதிரி தெரியுது. ஆனா எது மணி, எது கட்டின்னு என்னால பிரிக்க முடியல. மாலையக் கழட்டிட்டு வாங்க” என்றார்.

செட்டியாருக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பி வரும்போது உற்சாகமாகப் பேசினார். நோயே இல்லை, மாலையைப் பார்த்து மிரண்டுவிட்டார்கள் என்று டிரைவரிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வீட்டிலும் வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டி மணிகளை எண்ணச் சொன்னார். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். ஆனால் மணி எல்லாம் உருண்டையாக இருக்க, ஓரத்துப் பட்டை மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. யாரிடம் கேட்பது?

செட்டியாரின் மனைவி ஆச்சிக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். மறுபடி மதுரைக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். அங்கே போனதும், “மணிதான்னு சொல்றீகள்ல, அப்பக் கழத்திக் காட்டுங்க” என்று சொல்லி, அவர் கழுத்திலிருந்து தானே மாலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். செட்டியார் மறுக்கவில்லை.

இரண்டாவது படத்தில் உருண்டைகள் ஒன்றுகூட இல்லை. பட்டை அப்படியே இருந்தது. மணிகள் போனதும் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் ஒரே ஆளுதானா?” என்று கேட்டார் செட்டியார்.

ஒரே ஆள்தான் என்றார் டாக்டர். புற்றாக இருக்கலாம், படம் உருவத்தைக் காட்டுமே தவிரப் பேரைச் சொல்லாது, நீரை எடுக்க எடுக்க மூச்சு கொஞ்சம் லேசாகும், கரைக்க மருந்து இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இருக்கலாம் என்றால் இருக்கிறதா இல்லையா?

“கப்பல் ஏறலாமா?” என்று கேட்டார் செட்டியார்.

டாக்டர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். “ஏறலாம். எறங்குறதுக்கு நான் சொல்ல முடியாது.”

திரும்பும் வழியில் மேலூர் தாண்டியதும் ஆச்சி முந்தானையை அவிழ்த்து மாலையை நீட்டினார். செட்டியார் அதைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆச்சி மடியிலேயே திருப்பி வைத்தார்.

“ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

ஆச்சி அழுதார். எனக்கு அப்போதும் பாதிதான் விளங்கியது. முன் சீட்டிலிருந்து திரும்பி, ரங்கூன் பயணம் உண்டா என்று கேட்டேன்.

“நீ போய்ட்டு வா, கப்பல் சீட்டுக்குச் சொல்லிர்றேன்” என்றார். பிறகு டிரைவரைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னார்.