அத்தை சொல்ல மறுத்த பெயர்

சாக்கம்மா என்ற பெயரைத் தமிழ் பேசுகிறவர்கள் கேட்டால் கோணிப்பை நினைவுக்கு வரும். கன்னடம் பேசுகிறவர்களுக்கு அது இன்னும் மோசம். அவர்கள் பாஷையில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். ஜவளகிரிக்குப் பக்கத்தில், இரண்டு பாஷையும் ஒரே தெருவில் புழங்குகிற ஊரில் பிறந்தவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெயர் இடித்தது.

தீர்த்தகிரிக்கு அவள் நாலாவது பெண். மூத்தவர்கள் மூவருக்கும் மாதேஸ்வரி, சுஜாதா, மஞ்சுளா என்று நல்ல பெயர்களாகத்தான் வைத்தார். நாலாவதும் பெண் என்று தெரிந்ததும் ராகிக் காட்டுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினார் என்று சொல்வார்கள். 'போதும்' என்று பெயர் வைத்தால் சாமி அடுத்ததை ஆணாகக் கொடுத்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அவர் மனைவி கெம்பம்மா கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுடைய பாஷையிலேயே பெயரும் அமைந்தது. சொல்லி வைத்தாற்போல் அடுத்து ஹரீஷ்குமார் பிறந்தான்.

அதன்பிறகு அந்த வீட்டில் சாக்கம்மாவுக்குத் தனி மரியாதை. விருந்தாளி யார் வந்தாலும் தீர்த்தகிரி அவளைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து, "இவ பேரு ராசிதான் எங்களுக்கு ஆம்பளப் புள்ளையக் குடுத்துச்சு" என்பார். திருவிழாவுக்கு அவளுக்குத்தான் முதல் பாவாடை. யாரும் அவளை அடித்ததில்லை, வாய்க்கு வந்தபடி பேசியதுமில்லை. வருத்தப்படவும் வழியில்லாமல் அவள் வளர்ந்தாள். தம்பி மேல் அவளுக்கும் உயிர்தான். யானை இறங்கும் மாதங்களில் அப்பா ராகிக் காட்டுப் பரணில் காவலிருக்க, தம்பியை மடியில் போட்டுத் தூங்க வைத்தது அவள்தான்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவள் உட்காரும் இடத்தில் கோணிப்பையை மடித்துப் போட்டு வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது முடித்து ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். பயிற்சி வகுப்புக்கு வந்தவர் கன்னடம் பேசுகிற அத்திப்பள்ளிக்காரர். பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, எத்தனாவது பொண்ணுல உங்கப்பாவுக்குப் போதும்னு ஆச்சு?"

கூடம் முழுக்கச் சிரித்தது. "நாலாவது சார்" என்று இவளும் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். சிரிப்பு இன்னும் பெரிதானது.

அன்றைக்கே அசெம்பிளி லைனில் நின்றவர்களிடம் தன் பெயர் சந்தியா என்றாள். ஐடி கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த பூபதி கல்யாணம் பேச வந்ததும் சந்தியாவைத்தான். பத்திரிகையில் அந்தப் பெயரைப் போடச் சொல்லி அப்பாவிடம் கெஞ்சினாள். தீர்த்தகிரி மனம் உடைந்து போனார். "ராசியான பேர மாத்துனா வீட்டுக்கு ஆகாது கண்ணு. தம்பிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார். தம்பி என்றதும் அவள் அதோடு விட்டுவிட்டாள். கொட்டை எழுத்தில் சாக்கம்மா என்று அச்சான பத்திரிகையைக் கம்பெனியில் யாருக்கும் கொடுக்காமல், வாயாலேயே அழைத்து முடித்தாள்.

மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. ஒரே மகள். மகளுக்கு யாரையும் கேட்காமல் யாழினி என்று பெயர் வைத்து, ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டாள். நாட்கள் ஷிப்டும் சமையலுமாக ஓடின.

போன மாசியில் ஹரீஷுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. தீர்த்தகிரி போன் செய்தார். குரலில் துக்கம் இல்லை, ஏதோ நல்ல சேதி சொல்கிறவர் மாதிரிப் பேசினார்.

"கண்ணு, ஞாயித்துக்கெழம பேரு வைக்கறோம். அத்தக்காரி நீதான் காதுல சொல்லணும். உன் பேரையே வச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டோம். உன் ராசி, அடுத்தது சிங்கக்குட்டி பொறக்கும் பாரு."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூபதியிடம் சொன்னபோது, "அது உங்க ஊட்டு விசயம், நான் என்னத்தச் சொல்றது" என்று அவன் ஒதுங்கிக்கொண்டான்.

சனிக்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை வழியாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளறையில் தம்பி மனைவி பிரியதர்ஷினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்தவள், அதிர்ந்து பேசமாட்டாள். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணும் ஆபரேசன் அண்ணி. இன்னொண்ணு கூடாது, உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்பவே கருத்தடையும் பண்ணிக்கச் சொன்னாங்க. மாமா வேணாம்னுட்டாரு."

"ஹரீஷ் என்ன சொன்னான்?"

"அப்பா சொல்றதக் கேப்போம்னாரு. இப்ப பேரும் இப்படி வைக்கறாங்க. பேரு வச்சுட்டா, அப்புறம் அடுத்தது பெத்துத்தான ஆகணும்?"

சாக்கம்மா பக்கத்தில் கிடந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெயர் தனக்கு ஓர் அவமானம் என்று மட்டுமே இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அது பெற்றவளுக்குப் போட்ட உத்தரவும்கூட என்று இப்போதுதான் உறைத்தது.

கெம்பம்மா கொல்லையில் மறுநாள் சமையலுக்கு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சாக்கம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தானும் உரித்தாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"அம்மா, எனக்கு ஏம்மா இந்தப் பேரு வச்ச? என்னைப் பாத்ததும் அவ்ளோ வெறுப்பா இருந்துச்சா?"

கெம்பம்மாவின் கை நின்றது.

"நானெங்கடி வச்சேன்? நாலு பெத்து ஒடம்புல ரத்தமே இல்ல. எந்திரிச்சா மயக்கம். உங்கப்பன் வந்து தலமாட்டுல நின்னாரு. என்னால ஆகாது, பெத்தது சாக்குன்னு அழுதேன். அவரு சிரிச்சுக்கிட்டே, 'நல்ல பேரு கெடச்சிருச்சு'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஹரீஷு பொறந்தான்."

கெம்பம்மா மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பங்காளிகள், மாமன் மச்சான், பிரியதர்ஷினியின் அப்பா நாராயணப்பன் என்று வீடு நிறைந்திருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் மணை போட்டு அத்தையை உட்கார வைத்து, குழந்தையை மடியில் கொடுத்தார்கள். யாரோ வெற்றிலையை நீட்டினார்கள். அதைக் குழந்தையின் காதோரம் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு" என்றார் தீர்த்தகிரி, பெருமையாக. "உன் பேருதான்."

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"சாக்குப்பா."

பெயரைத்தான் உரக்கச் சொல்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். "காதுல சொல்லும்மா, எங்களுக்கா பேரு வைக்கற?" என்றாள் ஒருத்தி.

"உங்களுக்குத்தாம்பா சொல்றேன். அன்னிக்கி அம்மா பெத்தது போதும்னு அழுதப்ப, நீங்க அத எனக்குப் பேரா வச்சுட்டீங்க. இன்னிக்கி நான் சொல்றதையாச்சும் காதுல வாங்குங்க. பிரியாவுக்கு இன்னொண்ணு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. மூணு போதும். இந்தப் பேரும் என்னோட போகட்டும்."

கெம்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாக்கம்மா தொட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பிரியதர்ஷினியைப் பார்த்துக் கேட்டாள், "பிரியா, நீ என்ன பேரு நெனச்சு வச்சிருக்க?"

பிரியதர்ஷினி கணவனைப் பார்த்தாள். அவன் தலை கவிழ்ந்திருந்தது. "லிகிதா" என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சாக்கம்மா குனிந்து அந்தப் பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லி, உதட்டில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள்.

தீர்த்தகிரி கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து காட்டுப் பக்கம் போய்விட்டார். வந்தவர்கள் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பஸ் ஏற்றிவிட வந்த ஹரீஷ், பஸ் கண்ணில் பட்டதும் கேட்டான்.

"உனக்கு நாங்க என்னக்கா கொற வச்சோம்?"

ஒரு குறையும் வைக்கவில்லைதான். அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

உடம்பு தேற அம்மா வீட்டுக்குப் போன பிரியதர்ஷினி, சித்திரையில் அங்கேயே கருத்தடை செய்துகொண்டாள். நாராயணப்பன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சேதி தெரிந்த அன்றைக்குச் சாக்கம்மாவின் போன் அடித்தது.

"நீ தூண்டி விட்டதுதான் இது" என்றான் ஹரீஷ். "எங்குடும்பத்தையே கெடுத்துட்ட. இனிமே எனக்கு அக்கா மூணு பேருதான்."

மாதக்கணக்கில் அவன் மனைவியைக் கூப்பிடப் போகவில்லை. அக்காக்கள் ஒவ்வொருத்தியாகப் போன் செய்து திட்டினார்கள். தம்பி குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பேச்சு மூக்கண்டப்பள்ளி வரைக்கும் வந்தது. பூபதிகூட, "நீ செஞ்சது சரிதான். ஆனா அத்தினி பேரு முன்னாடி சொல்லியிருக்க வேணாம்" என்றான். தனியாகச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆனால் லைனில் நிற்கும்போது, தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கலாமோ என்று அவளுக்கே தோன்றிக்கொண்டிருந்தது. கவனம் சிதறிப் பாகங்களைத் தப்பாக மாட்டி, சூப்பர்வைசர் வெங்கட்டிடம் திட்டு வாங்கினாள்.

ஆடி முடிந்ததும் பிரியதர்ஷினி, யாரும் அழைக்காமலே மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு தானாகவே ஊர் திரும்பினாள். அவளை உள்ளே விட்டார்கள். ஹரீஷ் தேவைக்கு மட்டும் பேசினான்.

கார்த்திகையில் ஒரு நாள் சாக்கம்மா ஷிப்ட் முடிந்து வந்தபோது, வாசற்படியில் ஒரு பையை அணைத்துக்கொண்டு கெம்பம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் தனியாக ஓசூர் வந்ததே இல்லை. விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். பையில் ராகி மாவும் அவரைக்காயும் இருந்தன.

"கொழந்த எப்படிம்மா இருக்கு?"

"தவழுது. பிரியா லிகிதாங்கறா. உங்கப்பன் சாக்கின்னுதான் கூப்புடறாரு, வேணும்னே. அது ரெண்டுக்கும் திரும்பிப் பாக்குது."

"ஹரீஷு?"

"அவன் பாப்பாங்கறான்."

காபி கொடுத்தாள். கெம்பம்மா ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"தையில மாதேஸ்வரி மகளுக்குக் கல்யாணம். நீ வந்தா உங்கப்பன் வரமாட்டாராம். வர வேணாம்னு உங்கிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னாரு."

சாக்கம்மா பையிலிருந்த அவரைக்காயை எடுத்து முறத்தில் கொட்டினாள்.

"நீ என்னம்மா சொல்ற?"

"சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன்" என்றாள் கெம்பம்மா. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள். "சொல்லிட்டேன்னு அவருகிட்டப் போயிச் சொல்றதுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. பொங்கல் வரைக்கும் இங்கியே இருக்கறேன். உங்கப்பன் கஞ்சி காச்சிக் குடிக்கட்டும்."