பத்து லட்சத்து ஒன்பது

தங்கபுஷ்பத்தின் அப்பா பொன்ராஜ் தியாகராய நகரில் எவர்சில்வர் கடை வைத்திருந்தார். 1968-இல் அவளும் நானும் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். பேராசிரியர் கணேசமூர்த்திக்கு ஒரு எண்மேல் கொள்ளை ஆசை: 1000009. "இது பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர எதாலும் வகுபடாது" என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வார். அவர் போட்ட கைடின் அட்டையிலும் அதுதான். அந்த அலட்டலை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கபுஷ்பம் எழுந்தாள். "எது வரைக்கும் வகுத்துப் பாத்தீங்க சார்?"

"நூறு வரைக்கும். போதாதா?"

போதாது. அவ்வளவு பெரிய எண்ணுக்கு ஆயிரம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனாள். 293-இல் மீதி பூஜ்யம். மறுநாள் தாளை நீட்டினாள். மனுஷன் படிக்கக்கூட இல்லை, கசக்கி எறிந்தார். சாயங்காலமே அவள் அப்பாவின் கடைக்குப் போய்விட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குக் கணக்கு ஓடாது. வீணா படிக்க வைக்காதீய."

சொன்னவர் சொந்த ஊர்க்காரர், அதுவும் பேராசிரியர். அப்பா நம்பிவிட்டார். படிப்பு அத்தோடு சரி.

கடையில் அவள் பாத்திரத்தில் பேர் வெட்டப் பழகினாள். சின்ன உளி, சுத்தியல், புள்ளி புள்ளியாக எழுத்து. "ஒவ்வொரு புள்ளியும் அந்தாளு மண்டையிலன்னு நெனச்சுத்தான் அடிக்கேன்" என்பாள். நான் சமாதானம் சொல்லவில்லை.

1975-இல் அவருக்கு ஓய்வு. நான் அதே கல்லூரி ஆபீசில் கிளார்க். பிரிவுபசாரத்துக்கு ஒரு தாம்பாளம், அதில் அவர் பேரும் அவருடைய எண்ணும் வெட்ட வேண்டும் என்றார்கள். பாண்டி பஜாரில் எத்தனையோ கடை. நான் வேண்டுமென்றேதான் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தேன்.

மேடையில் மைக் முன்னால் அவரே வாசித்தார். "பத்து லட்சத்து ஒன்பது..." அப்புறம் வாய் நின்றுவிட்டது. எண்ணுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: = 293 × 3413.

முன்வரிசையில் ஒரு விரிவுரையாளர் அழைப்பிதழின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தார். "சரியாத்தான் வருது" என்றார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாள் தாம்பாளத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இந்த வரியை மட்டும் அழிச்சுத் தர முடியுமாம்மா?"

"தேய்க்கலாம் சார். தட்டு ஓட்டையாயிரும். 293 அப்பவும் வகுக்கும்."

அவள் உளியைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா கல்லாவுலதான் இருக்காவ. பிள்ளைக்குக் கணக்கு ஓடும்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் கல்லாவுக்குப் போய்க் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க சார். அப்பாவுக்குக் காது மந்தம்."

பொன்ராஜுக்குக் காது நன்றாகவே கேட்கும்.