டார்ச் லைட்டுக்கு ஒரு புது வசதி

இன்று சாயங்காலம் லிங்கராஜபுரத்தில் ஸ்டீபன் வீட்டுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். எனக்கும் அவனுக்கும் டார்ச் பைத்தியம். சந்தித்தால் வேறு பேச்சே கிடையாது.

அடுத்து வாங்கும் டார்ச் எப்படி இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தோம்.

"லைட்டு எதிர்த் தெரு மாடி வரைக்கும் அடிக்கணும் மச்சான்" என்றான் ஸ்டீபன்.

மேஜையில் வைத்தால் உருளக் கூடாது என்றேன் நான்.

ஸ்விட்ச் பின்பக்கமா, பக்கவாட்டிலா என்பதில் இருவர் குரலும் ஏறிவிட்டது.

அப்போதுதான் ஃபியூஸ் போனது. சமையலறையில் மிக்ஸி பாதிச் சட்னியோடு நின்றது.

ஸ்டீபன் உற்சாகமாக எழுந்தான். வேலைக்கு இரண்டு கையும் வேண்டுமே, டார்ச்சின் பின்பக்கத்தை வாயில் கவ்விக்கொண்டு ஃபியூஸ் கட்டையில் கம்பி சுற்றினான். வீடே அமைதியானது.

கரண்ட் வந்தது. அவன் டார்ச்சில் கை வைத்ததும் அவன் மனைவி மெர்சி கத்தினார்:

"எடுக்காதீங்க! வாயிலயே இருக்கட்டும். இன்னா நிம்மதியா இருந்துச்சு!"

என் மனைவி உடனே கேட்டாள்: "அக்கா, இவருக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

நண்பர்களே, அப்படி என்னதான் பேசிவிட்டோம்?

அது போகட்டும். ஸ்விட்ச் பக்கவாட்டில்தான் வேண்டும். பின்னால் இருந்தால் நாக்கு பட்டு அணைந்துவிடுகிறது. என்ன சொல்கிறீர்கள்?